அந்தோணி கொடுத்த கூழாங்கல்

புரட்டாசி 12, ஞாயிறு இரவு

தங்கை செல்வியின் புருஷன் அந்தோணியை இன்று அறைந்திருப்பேன். ரெட்டியார்சத்திரத்தில் அவன் தோட்டத்தில் புதுக் கிணறு வெட்டுகிறார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை. மண்ணோடு வழவழப்பான கூழாங்கற்கள் வந்தன. அதில் ஒன்றைக் கழுவி என் கையில் வைத்தான்.

"பாத்தீங்களா மச்சான், நோவா காலத்து வெள்ளம் உருட்டுன கல்லு."

சிறுமலை உச்சிக்கு மேலேயும் தண்ணீர் நின்றதாம்.

"ஆறு ஓடுன எடத்துல எல்லாம் இந்தக் கல்லு கெடக்கும். கதையைப் போயி சரித்திரம்ங்கிற, நீயெல்லாம் படிச்சவனா?" என்று கிணறு வெட்டுகிறவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

சோறு போடும்போது செல்வி ஆரம்பித்தாள்.

"முதற்சங்கத்தைக் கடல் கொண்டுபோச்சுன்னு மேடைக்கு மேடை பேசுறியே அண்ணே, அது மட்டும் சரித்திரமா?"

"அது நம்ம இனத்தோட வரலாறு."

"அந்தச் சங்கத்துல சிவனும் முருகனும் புலவரா உக்காந்திருந்தாங்கன்னு நீதான சொன்ன. சாமியே இல்லைங்கிற ஆளு நீ."

அந்தோணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்படியே எழுந்து வந்திருப்பேன். இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் எடுத்து என் இலையில் வைத்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கல் சட்டைப்பையிலேயே வந்துவிட்டது. மேசை மேல் கிடக்கிறது.

தூங்குவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். அவன் சொல்வது கதை. நான் சொல்வது வரலாறு. இரண்டும் ஒன்றாகாது. ஏனென்றால்