ரிமோட்டுக்கு ஒரு சாமந்தி மாலை

நேற்று உன் வீட்டு ஏசியின் முன்மூடியைத் தூக்கியதும் ஈரச் சாமந்தி வாசனை முகத்தில் அடித்தது. ஏணியில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் உன் கௌரிதான் போன் செய்தாள். "அண்ணா, ஏசி போட்டா ஓடுது, கொஞ்ச நேரத்துல நின்னுபூடுது. ரூம் வெந்துக்கினு கெடக்குது, வந்து பாருங்க." ஆயுத பூசை முடிந்து நாலு நாள்கூட ஆகாத சமயம் இப்படி ஒரு புகார் வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? பையைத் தொடும் முன்பே சிரிப்பாய்.

வடமாலபேட்டையில் கௌரி வீட்டுக்கு நாம் போன நாள் நினைவிருக்கிறதா? பெண் கேட்டுப் போகவேண்டியவன் நீ, டூல்ஸ் பையோடு போனாய். அவளுடைய நைனா சொல்லி அனுப்பியது அப்படி: "எங்கூட்டு ஏசி நின்னு நின்னு போவுது. மொதல்ல அத்த ரெடி பண்ணட்டும், பொண்ணப் பத்தி அப்பால பேசலாம்." திருப்பதியில் எத்தனையோ லாட்ஜ் ஏசியைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்தவன், அன்று ஸ்க்ரூவை இரண்டு முறை கீழே போட்டாய். மனிதர் நாற்காலியை ஏசிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். கௌரி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அறை கொதிக்கிறது, மெஷின் மட்டும் குளிர்ந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடுகிறது. யார் பார்த்தாலும் அறைச் சூட்டை அளக்கும் சென்சாரைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் "மாத்திட்டுப் போய்க்கினே இருக்கலாம்டா" என்று உன் காதில் சொன்னேன். நீ கேட்கவில்லை. "ஏசி பொய் பேசாது. அதுகிட்ட எவனோ பொய் சொல்லியிருக்கான்" என்றாய். உன் வழக்கமான வாக்கு. சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டி, அதன் நுனியில் இருந்த மணியை உள்ளங்கையில் பொத்தினாய். சூடு ஏற ஏற மீட்டரில் ஓம்ஸ் சரியாக இறங்கியது. குளிர்ந்த தண்ணீரில் விட்டாய், ஏறியது. சென்சார் உத்தமமாக இருந்தது. மூடியைத் திறந்து வைத்தே ஓட்டினோம், நிற்காமல் ஓடியது. மூடினோம், சற்று நேரத்தில் நின்றது. மறுபடி திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது.

"இன்னாப்பா, உன்னப் பாத்து வெக்கப்படுதா?" என்றார் கௌரியின் நைனா. உன் கழுத்தெல்லாம் வியர்வை. இந்த இடத்தில் எனக்கே பயமாகிவிட்டது. இந்த ஒரு மெஷினால் உனக்குக் கௌரி இல்லாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

எப்படித்தான் நம் இருவர் கண்ணுக்கும் தெரியாமல் போனதோ! ஆயுத பூசை போட்ட வீடு. டிவிக்கு மாலை, ஃபிரிட்ஜுக்கு மாலை, கிரைண்டருக்கு மாலை. ஏசிக்கும் மாலை. திறக்கும்போதெல்லாம் பயபக்தியாக அதை ஒதுக்கி வைத்தோம், மூடிய கையோடு ஒழுங்காக இழுத்து விட்டோம். மூன்றாம் முறை இழுத்துவிடப் போனபோதுதான் உன் கை அப்படியே நின்றது. மாலையின் வால் ஏசியின் மேற்புறக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, சென்சார் மேலேயே சில்லென்று ஈரமாகப் படுத்துக்கொண்டிருந்தது.

"வாடக்கூடாதுன்னு நாந்தான் தெனம் தண்ணி தெளிச்சிக்கினு இருக்கேன்" என்று கௌரியின் அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் உன்னைப் பார்த்தேன். கோளாறு மாலையில் என்றால் மாமியார் போச்சு. சென்சார் என்று சொன்னால் பொய். சாமி மாலையை எடு என்று சொல்லவும் யாருக்கு வாய் வரும்?

நீ ஏணியிலிருந்து இறங்கி, கை கூப்பாத குறையாகச் சொன்னாய்: "அம்மா, இவரு மூலவரு. எடத்த உட்டு நகர மாட்டாரு, கொஞ்சம் மூச்சு உடட்டும். ரிமோட்டுதான் உற்சவரு, வீடெல்லாம் சுத்திக்கினு வர்றவரு. அலங்காரத்த அவருக்குப் பண்ணுங்க."

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் கையாலேயே மாலையை எடுத்து, சுவரில் இருந்த ரிமோட் ஸ்டாண்டுக்குப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏசி நிற்காமல் ஓடியது. பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏசியும் ஓடுது, எம் பொண்டாட்டியும் கோவிச்சுக்கல. ரெண்டயும் ஒரே நாள்ல செஞ்சவன் இவந்தான். குடுத்துடலாம்" என்றார்.

இதையெல்லாம் நேற்று ஏணி மேல் நின்றபடி நினைத்துக்கொண்டேன். உன் வீட்டிலும் மாலையின் வால் சென்சார் மேலேயே கிடந்தது. தவறி விழுந்தது போல இல்லை, யாரோ விரலால் தள்ளிவிட்டது போல. கீழே பார்த்தேன். கௌரி கதவோரம் நின்றிருந்தாள், அன்றைக்குப் போலவே.

"தெரிஞ்சேதான் போட்டியாம்மா?"

"ஒவ்வொரு பூசைக்கும் வேணும்னேதான் போடுவேண்ணா. அவரும் திட்டிக்கினே எடுப்பாரு, அந்த உற்சவர் கதையச் சொல்லுவாரு. இந்த வருசம் போட்டேன், அப்படியே கெடந்துது. நானே எடுக்க மனசு வரல."

எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது, இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாயே என்று. மாலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ரிமோட் ஸ்டாண்டுக்குப் போட்டேன். அவள் நகரவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியையும் சொன்னால்தான் வேலை முடியும் என்று புரிந்தது.

"இவரு மூலவரும்மா" என்று ஆரம்பித்தேன். குரல் உன்னுடையது போல வரவில்லை. ஆனாலும் முழுவதும் சொன்னேன். கௌரி சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஏசியைப் போட்டேன். நிற்காமல் ஓடியது.

புறப்படும்போது அவள் கேட்டாள்: "அடுத்த பூசைக்கும் போன் பண்ணட்டாண்ணா?"

"மாலையப் போட்டுட்டுப் பண்ணும்மா" என்றேன்.