பண்ணைக்காரர் சாப்பிட்ட வான்கோழி

அன்புள்ள அப்பாவுக்கு,

நெஞ்சில் போட்ட தையல் ஆறிவிட்டதா? ஏணியில் ஏறாமல் இருக்கிறீர்களா? நான் சிகாகோவில் நலம்.

மாட்டுக்கறியை நிறுத்தச் சொன்ன டாக்டரைத் திட்டிவிட்டு, நீங்கள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று அம்மா சொன்னாள். பயந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், பூண்டோடு, மாட்டுக்கறிக்குப் பதில் வான்கோழிக் கொத்துக்கறியை வதக்கி, தக்காளிச் சாறும் தண்ணீரும் ஊற்றி, அதே சட்டியில் பாஸ்தாவையும் போட்டு மூடி வேகவைத்தேன். யாரையும் சாப்பிடக் கூப்பிட எனக்குக் கூச்சம். ஆனாலும் அலுவலகத்து லாய்டைக் கூப்பிட்டேன். நம்மைப் போலவே மாட்டுப் பண்ணைக் குடும்பம். இரண்டாவது தட்டு காலியான பிறகுதான் என்ன கறி என்று சொன்னேன்.

"வான்கோழியா? எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே சேர்த்திருக்க மாட்டாரு!" என்றவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "மிச்சம் இருக்கில்ல? போடும்மா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் சாப்பிட்டால் நீங்களும் சாப்பிடுவீர்கள்.

அம்மாவுக்குச் செய்முறையை எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது நாலு பேருக்கான சட்டி. எனக்கு ஒருத்திக்கு அது பெரிது; சின்னதாக ஒன்று இருந்தால் அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் போன் செய்யுங்கள், அப்பா. திட்டுவதற்காக இருந்தாலும் சரி.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கோரின்