கச்சானில் எண்ணிய பறவைகள்

மச்சான், கோடைக் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலையில் ஊற்றிய பிளேன்டீயில் மண் விழுந்தது. கதவு அடிக்கிற அடியில் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. எனக்கோ அதைவிடப் பெரிய எரிச்சல். பிரதேச செயலகக் கூட்டத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

போன வருடமும் இதே காற்றில்தான் காற்றாலைக்கு இடம் பார்க்க நம் வயல்வட்டைக்கு வந்தார்கள். மாரிக்கு மட்டும் விளைகிற நம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. களப்புத் தண்ணீரும் பாதி வற்றியிருந்தது. நீ மூச்சை இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டு அவர்களோடு வந்த பொறியியலாளருக்குப் பின்னால் நடந்தாய்.

"சேர், காத்தாடி வேணாம் எண்டு நான் செல்லல்ல. களப்புக் கரையில இரிந்து கொஞ்சம் தள்ளி வைங்க. மாரியில வந்து பாருங்க, நாரையும் கொக்கும் இதாலதான் பதிஞ்சி இறங்கும்."

"மாரியில வட்டைக்குள்ள ஜீப் இறங்காதே" என்று அவர் சிரித்தார்.

"ட்ரக்டர்ல ஏத்திட்டுப் போறன், வாங்க" என்றாய்.

அவர் வரவில்லை. மாரி வந்தது, பறவைகள் வந்தன, அதற்குள் உன் ஜனாஸாவையும் அடக்கிவிட்டோம். வரம்பில் நின்று பார்த்தவன் நான் மட்டும்தான்.

இன்று கூட்டத்தில், அந்தக் கச்சானில் பறவைகளை எண்ணி எழுதிய அறிக்கையை வாசித்தார்கள். அந்த இடத்தில் குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லையாம்! நோன்பு மாதத்தில் பகலில் வந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை என்று எழுதுகிற கதைதான் இது.

எழுந்து கேட்டேன். "கரண்ட்ட அருமை தெரியாமக் கதைக்கிறீங்க" என்றார் மேடையில் இருந்த ஒருவர். கரண்ட் போகிற நேரமெல்லாம் உன் நெபுலைசர் நின்றுபோகும். நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு திணறுவாய், உன் மனைவி அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார். அந்த நிலையிலும் மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்று கேட்டவன் நீ. "ரெண்டுக்கும் இடம் இரிக்கி மச்சான், அவங்களுக்குத்தான் நடக்கப் பஞ்சி, சரியான சோம்பல்" என்பாய்.

இதைத்தான் சொல்லத் தொடங்கினேன். நேரம் போகிறது என்று மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான்: மாரியில் ஏன் வரவில்லை? அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்பேன். வட்டையின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. இதற்கு மைக் எதற்கு?