சன்னல்களுக்கு மேல் இரண்டடி

துவான்,

இன்று காலை பழைய பெட்டியைத் துடைத்தபோது அடியில் ஒரு கைக்குட்டை கிடைத்தது. நம் அலுவலகத்தில் கட்டிடப் படங்களை நகலெடுக்க வைத்திருந்த, கஞ்சியிட்ட மெல்லிய துணியில் வீணான ஒரு துண்டு அது. என் மனைவி வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சியை அலசி, ஓரம் தைத்துத் தந்தாள். எத்தனை முறை துவைத்தும் ஒரு மூலையில் மைக்கோடு மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது; நாம் பேசியதெல்லாம் மலாய், ஐயா என்பதற்கு நான் சொல்லும் இந்த 'துவான்' உட்பட. நீங்கள் காலமாகியும் ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டும் இல்லாவிட்டால் எனக்கு இந்தத் துணிவு வந்திருக்காது.

ஹாலந்தில் படித்து, ஜாவாவின் பத்தாவியாவில் சில காலம் கட்டிடம் வரையும் வேலை பார்த்து, சிங்கப்பூருக்கு வந்தீர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர். வெள்ளைச் சுவர், மூலையில் திரும்பி ஓடும் கண்ணாடிச் சன்னல், தட்டைக் கூரை. அப்படி ஒரு கட்டிடத்தை இந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பூவேலை கேட்டு வருகிறவர்களிடம், "சுவருக்கு நகை எதற்கு?" என்பீர்கள். நீங்கள் பென்சிலில் வரைந்த தாளின் மேல் துணியை விரித்து, மை பிடிக்கச் சுண்ணத்தூள் தேய்த்து, உங்கள் கோட்டின் மேலேயே மையால் கோடு இழுப்பது என் வேலை. ஒரு கோடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முடித்ததும் சிவப்புப் பென்சிலோடு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பீர்கள்.

சிராங்கூன் சாலை ஜவுளிக்கடை ராவுத்தரின் கட்டிடம்தான் உங்களுக்கு இங்கே கிடைத்த முதல் பெரிய வேலை. கீழே கடை, மேலே சேலைக் கிடங்கு. படத்தைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, சன்னல் அழகாத்தான் இருக்கு. மேல ஒரு மறைப்பும் காணோமே? சாரல் அடிச்சா என் சேலை மூட்டை எல்லாம் குளிச்சிடும் லா. நான் சொன்னா ஒங்க துவான் கோவிச்சுக்குவாரு. நீங்க பக்குவமாச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் உங்கள் மேசைவரை வந்து, பென்சில் சீவிக்கொண்டு திரும்பினேன். நான்காம் நாள், வாயால் கேட்க முடியாததைக் கையால் கேட்டேன். சன்னல்களுக்கு மேல் இரண்டடி நீளும் கான்கிரீட் தட்டு ஒன்றை, கம்பி விவரத்தோடு துணியில் வரைந்தேன். சரிபார்க்கும்போது பார்ப்பீர்கள், திட்டுவீர்கள், அப்போது காரணம் சொல்லலாம் என்பது என் கணக்கு.

அன்று உங்களுக்குக் கப்பல். பத்தாவியாவில் ஆறு மாத வேலை. துணிகளைப் புரட்டியபடியே கையெழுத்திட்டீர்கள். "உன் கையைச் சோதிக்க வேண்டியதில்லை" என்றீர்கள். அந்தக் கணத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். கையெழுத்தின் மை காய ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினேன்.

நீங்கள் திரும்பியபோது தட்டு வார்த்து முடிந்திருந்தது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தீர்கள். ராவுத்தர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "துவான் ஹாலந்துல பொறந்தாலும் நம்ம ஊரு மழை தெரிஞ்சவரு" என்று மலாயில் சொன்னார். நீங்கள் தலையசைத்தீர்கள். உங்களுடையதல்லாத புகழை வாங்கிக்கொண்ட அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டீர்கள். "ஏன்?"

"மழை, துவான்."

"மழை தானே வந்து சொல்லிவிடும். நீ ஏன் சொல்லவில்லை?"

வேலையை விட்டு நீக்குவீர்கள் என்று நினைத்தேன், நீக்கவில்லை. பிறகு கட்டிய வீடுகள், மருத்துவமனை, படக்கொட்டகை எல்லாவற்றிலும் நீங்களே அந்தத் தட்டை வரைந்தீர்கள். என்னுடையதைவிட மெல்லியதாக, மூலையைச் சுற்றி ஓடும்படி. அதற்காகவே உங்களைத் தேடி வந்தார்கள். ஆனால் அன்றிலிருந்து என் துணி ஒன்றைக்கூட நீங்கள் பார்க்காமல் கையெழுத்திட்டதில்லை. மற்றவர்களுடையதை ஒரு முறை பார்த்தால், என்னுடையதை இரண்டு முறை. அது நியாயம்தான். ஆனாலும் சிவப்புப் பென்சில் என் கோட்டின் மேல் ஊரும்போதெல்லாம் மைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே நிற்பேன்.

பத்தாவியாவுக்கே நீங்கள் திரும்பிய வாரம், புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். நிமிராமலே கேட்டீர்கள். "அன்று நீ கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா?"

பல ஆண்டுகளில் முதல்முறையாக யோசிக்காமல் பதில் சொன்னேன். "மாட்டீர்கள், துவான்."

கயிற்றை இறுக்கி முடிச்சிட்டீர்கள். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும் நீ கேட்டிருக்க வேண்டும்."

அதற்குப் பிறகு வேறு மூன்று பேரிடம் வேலை பார்த்தேன். பேனாவைத் தொடுவதற்கு முன், சன்னலுக்கு மேல் தட்டு வைக்கலாமா என்று கேட்டேன். பெரும்பாலும் மறுத்தார்கள். அவர்கள் சொன்னபடியே, தட்டு இல்லாமல் வரைந்து கொடுத்தேன். அவற்றில் இரண்டு கட்டிடங்களில் இன்றும் சாரல் உள்ளே அடிக்கிறது. நான் தேக்காச் சந்தைக்குப் போகும் வழியில்தான் இருக்கின்றன. கடந்து போகும்போது வருத்தமாக இருக்கும். ஆனால், துவான், தலை நிமிர்ந்துதான் பார்க்கிறேன்.