ஊதா கவுன்காரி பாடிய தாலாட்டு

அன்பு மகள் ஒரியெத்தாவுக்கு,

ரோமிலிருந்து எத்தோரே மாமா சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. இங்கே முட்டிவலி தவிர எல்லாம் நலம். டொரொண்டோ குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நாங்கள் மூன்று போப்பாண்டவர்களைப் பார்த்த வருடம் அது. கோடையில் ஒருவர் போனார், அடுத்தவர் ஒரு மாதம்தான் இருந்தார், பிறகு போலந்துக்காரர் வந்தார். அந்த இலையுதிர்காலத்தில்தான், ராக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த உன் அப்பா லீவியோ ஒரு பேய்ப்படத்துக்கு இசை போட்டான். அதே ஸ்டூடியோவில் நான் படங்களுக்குச் சத்தம் போடுகிறவன். செருப்பு, கதவு, செலரித் தண்டை ஒடித்தால் கழுத்து முறிகிற சத்தம்.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு, வீட்டில் எங்கே தேடியும் அம்மா குரல் ஒரு டேப்பில்கூட இல்லை என்று போனில் அழுதாயே. இருக்கிறது மகளே.

உன் அம்மா நோவெல்லா மலைப்பக்கத்துப் பெண். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், விவரம் தெரியாமல் ஊதா கவுன் போட்டு வந்துவிட்டாள். சினிமாக்காரர்களுக்கு ஊதா ஆகாது. தயாரிப்பாளர் வாசலிலேயே கையை விரித்து மறித்தார். "அம்மா தாயே, இந்தக் கலரோட உள்ள கால் வெச்சே, படம் படுத்துடும்" என்றார். அவளா விடுவாள்? "புள்ளத்தாச்சிக்கே இப்படி நடுங்குற ஆளு, நீயெல்லாம் பேய்ப்படம் எடுக்க வந்துட்டே" என்றாள்.

அவர் கண்ணில் படாமல் நான் அவளை என் சத்த அறையில் உட்காரவைத்துவிட்டு, காவலுக்கு வெளியே நின்றேன். அவள் வயிற்றைத் தடவியபடி ஊர்த் தாலாட்டு ஒன்றைப் பாடினாள். ஒலிப்பதிவாளன் துல்லியோ மைக்கை மூட மறந்திருந்தான். பக்கத்து அறையில் எந்த மெட்டும் பிடிபடாமல் தவித்துக்கொண்டிருந்த லீவியோவின் காதில் அது விழுந்தது. "டேப்பை நிறுத்தாதடா" என்றான்.

பிறகு அந்தக் குரலின் வேகத்தைக் குறைத்து, அடியில் ஆர்கனை ஓடவிட்டான். தியேட்டரில் ஜனங்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். உன் அம்மாவோ, "என்னையே பேயாக்கிட்டியே, பாவி மனுஷா" என்று சிரித்தாள்.

நீ பிறந்த வசந்தத்தில் அவள் இறந்துபோனாள். அதன்பின் அவனால் அந்த இசையைக் கேட்க முடியவில்லை. "எம் பொண்ணு அவ அம்மாவ இப்படியா கேக்கணும், எத்தோரே?" என்பான். அந்தப் படத்தை நீ பார்க்கக் கூடாது என்று அவன் தடுத்தது அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் படத்தில் ஒரு கிணற்றுக் காட்சி உண்டு; அங்கே ஆர்கன் நின்று, குரல் மட்டும் வரும். அந்தத் துண்டை விவரம் தெரிந்த யாரிடமாவது கொடுத்து வேகத்தைக் கூட்டச் சொல். பகலில் கேள். பயமெல்லாம் போய், ஒரு சின்னப் பெண் பாடுவாள்.

அது அவள் பாடிய குரல்தானா, வேகம் சரிதானா என்று விசாரிக்க ஆளில்லை. தயாரிப்பாளர் போனார், துல்லியோ போனான், லீவியோவும் போய்விட்டான். நான் கதவுக்கு வெளியே நின்றவன்தானே. அந்தப் பாட்டை அறைக்குள்ளேயே, அவளோடு இருந்து கேட்டவர்களில் இன்னும் உயிரோடிருப்பது ஒரே ஓர் ஆள். அவள் நூறு வயது நன்றாயிருக்க வேண்டும். அவள் பெயர் ஒரியெத்தா.