வயரைக் கழற்றிய பிறகும்

2009 ஆனி, செவ்வாய் இரவு.

படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை. ஆத்திரம் இன்னும் நெஞ்சுக்குள் கொதிக்கிறது.

அக்காவின் டீவியை என் கடையில் வைத்துத் திருத்தி வவுணதீவுக்குக் கொண்டுபோனேன். சண்டை முடிந்துவிட்டதாம், பாலத்தடிச் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்கு மட்டும் அது தெரியாது. அங்கே டீவியைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். படம் வந்தது. அதுவும் போதாமல், வயரைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறக்கவைத்தார்கள். ஒரு ஆமிக்காரன் உள்ளே விரலை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான், துவக்குகள் என் பக்கம் திரும்பின. சனம் பார்த்திருக்க, கொதிக்கும் தார் ரோட்டில் என்னை முழங்காலில் இருத்தினார்கள். நான் காப்பாற்றியது அவனுடைய கையை!

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவன் வந்தான். "வயர் இல்லயே, கறண்ட் எங்க?"

"இந்தக் கப்பாசிற்றருக்குள்ள, சேர். வயரக் கழட்டினாலும் வாங்கின கறண்ட வச்சிருக்கும். ரெண்டு காலிலயும் கை பட்டா ஒரேயடியா விட்டிரும்."

முழங்காலில் இருந்தபடியே, கடையில் செய்வதைப்போல, பையிலிருந்த பல்பின் வயர்களை அதன் இரண்டு கால்களிலும் வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"மறுகா தொட்டா ஒண்டும் செய்யாது, சேர்."

அவன் சிரித்தான். "உங்கட ஆக்கள் மாதிரி. எல்லாம் கழட்டியாச்சு, இன்னும் உள்ள வச்சிருக்கிறது."

மற்றவர்களுக்கும் அதைச் சிங்களத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். "ஓம் சேர்" என்றேன்.