லயத்துக்கு ஒரு டிக்கெட்

அட்டன், இலங்கை,
8-6-1957

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் ஆண்டியப்பன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் சினிமாக் கொட்டகையில் ஐம்பது சதமாக இருந்த கலரி பெஞ்சு டிக்கெட்டை எழுபத்தைந்து சதமாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வட்டவளைத் தோட்டத்துக் காளியாயி அக்கா தனியாக வந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"லயத்து வரிசை வீடு எல்லாம் சேந்து ஒரு டிக்கெட்டு எடுக்குறோம் தம்பி. நான் பாத்துட்டுப் போயி எல்லாருக்கும் கதை சொல்லணும். தூண் மறைக்காத எடமா காட்டுங்க."

"பாட்டு வந்தா என்ன செய்வீங்க?"

"பாடிக் காட்டுவேன். ஆட மட்டும் சொல்லாதீங்க!"

முதலாளியும் சிரித்தார். பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்தார். வாசலில் டிக்கெட் கிழிக்க இனி ஓராள் போதுமாம். என்னோடு வாசலில் நிற்கும் இராமையா அண்ணன் பிள்ளைகுட்டிக்காரர், அவர் இருக்கட்டும் என்றார். அம்மாவுக்கு வாசிக்கும்போது இதை விட்டுவிடுங்கள்.

துறையூர் மாமாவின் அரிசி மில்லில் மூட்டை தூக்கவாவது இடம் உண்டா என்று இன்றே கேளுங்கள். இங்கே தோட்டங்களில் புதிதாக வேலைக்குப் பேர் பதிய மாட்டேன் என்கிறார்கள். ஊர் வந்து சேரக் கப்பல் செலவுக்கும் கையில் இல்லை.

தபால் கட்டுகிறார்கள். உடனே பதில் போடுங்கள் அப்பா. நான் படுப்பதும் இந்தக் கொட்டகையில்தான். மாதக் கடைசிக்குப் பிறகு இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். வேறு விலாசம் என்னிடம் இல்லை.

ஆண்டியப்பன்